மூன்று முறை திருத்திய கடிதம்

மலையகத்துக்குப் புதிதாக ஆங்கிலம் படிப்பிக்க வந்திருக்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். "கொஞ்சம் உற்சாகமா இருக்கட்டும் சார்" என்றும் சொன்னார்கள். உற்சாகத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். முப்பத்தொரு வருஷம் வெண்கட்டியோடு நின்றவன் நான். என்னிடம் படித்து வைத்தியரானவன் இருக்கிறான், வங்கியில் முகாமையாளராக இருப்பவளும் இருக்கிறாள். எல்லாம் சாரால்தான் என்று அவர்கள் மேடையில் சொல்கிறார்கள். அது மரியாதைக்குச் சொல்வது. நான் இல்லாவிட்டாலும் அவர்கள் அப்படித்தான் வந்திருப்பார்கள். என்னால் நடந்தது என்று நான் சத்தியம் பண்ணிச் சொல்லக்கூடிய காரியம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

ஓய்வு பெறுவதற்கு நாலு வருஷத்துக்கு முந்திய கதை. அப்போது மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் இருந்தேன். ஹட்டனில் வீடு. காலை பஸ்ஸில் போய் இறங்கி, மிச்சத்தை நடந்து ஏறுவேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பெயர் சிவப்புப் பேனை சார். நான் திருத்திக் கொடுத்த தாளைப் பார்த்தால் கோழி அறுத்த இடம் மாதிரி இருக்கும். அதில் எனக்குப் பெருமை வேறு. நானும் தோட்டத்து லய வீட்டில் பிறந்து வளர்ந்தவன்தான். வேலை தேடிய காலத்தில் ஓர் அலுவலகத்தில் என் விண்ணப்பத்தைச் சத்தமாக வாசித்து நாலு பேர் சிரித்தார்கள். அன்றைக்கு வந்த ரோஷம். பிழையில்லாமல் எழுதத் தெரிந்துவிட்டால் லயத்துப் பிள்ளையை எவனும் தள்ளிவைக்க முடியாது என்று நம்பினேன். அந்த நம்பிக்கை முழுதும் தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

என்னிடம் ஒரு வழக்கம் இருந்தது. திருத்திய தாளைப் பார்த்துப் பிள்ளை புதிதாக எழுதி முடித்ததும் பழைய தாளைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட வேண்டும். பயிற்சிக் கலாசாலையில் எனக்குப் படிப்பித்த ஒருவர் சொல்லித் தந்தது இது. பிழை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் கையும் பிழைக்குப் பழகிவிடும் என்பார் அவர். நல்ல மனிதர். அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னதை இருபத்தேழு வருஷம் ஒரு கேள்வி கேட்காமல் செய்துகொண்டிருந்தேனே, அதற்கு யாரைக் குறை சொல்வது?

சாதாரண தரப் பரீட்சை நெருங்கிய நேரம். புதன்கிழமைகளில் மீட்டல் பாடம். மூன்று விஷயங்களை மூன்று வாரத்துக்குப் பிரித்திருந்தேன். முதல் வாரம் எழுவாயும் வினையும் ஒத்துப்போவது. இரண்டாவது வாரம் வாசிப்பவரை இணங்க வைக்கும் உத்திகள். மூன்றாவது வாரம் உவமை, உருவகம் முதலிய அணிகள். ஒரே கட்டுரையை மூன்று வாரமும் மெருகேற்றிக்கொண்டு போனால் பிள்ளைகளுக்கு விளங்கும் என்று திட்டம் போட்டேன். எழுத வேண்டியது ஒரு வேண்டுகோள் கடிதம். யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம்.

பாதிப் பேர் பாடசாலைக்கு விளையாட்டு மைதானம் கேட்டு எழுதினார்கள். தர்ஷினி மட்டும் தோட்டத்து மேனேஜரான துரைக்கு எழுதினாள். மூன்றாவது வாங்கில் ஜன்னலோரம் உட்கார்கிற பிள்ளை. அதிகம் பேச மாட்டாள். அம்மா பாக்கியம் கொழுந்து எடுப்பவர், அப்பா தொழிற்சாலையில் வேலை. அவள் எழுதியது ஒரு பக்கம்கூட வராது. ஒருமை வர வேண்டிய இடத்தில் பன்மை, பன்மை வர வேண்டிய இடத்தில் ஒருமை. அந்தக் கடிதத்தில் இருந்த விஷயத்தை அப்படியே தமிழில் தருகிறேன். இன்றைக்கும் எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. அதில் வருகிற கண்டாக்கு, கங்காணிக்கு மேலே நின்று மலை வேலையைப் பார்க்கிற உத்தியோகத்தர்.

"எங்கள் அம்மா வேலை செய்யும் ஏழாம் நம்பர் மலையில், வாய்க்காலுக்கு மேலே நிற்கிற பெரிய மரத்தில் மூன்று குளவிக்கூடு இருக்கிறது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியதால் இப்போது அங்கே யாரும் போவதில்லை. அடுத்த மாதம் திரும்பவும் கொழுந்து எடுக்கப் போவார்கள். போன செவ்வாய்க்கிழமை எங்கள் கங்காணி மாமா கண்டாக்கு ஐயாவிடம் கூட்டைப் பற்றிச் சொன்னார். பார்க்கலாம் என்று சொன்னார். இன்னும் பார்க்கவில்லை. கொழுந்து எடுக்கப் போவதற்கு முன்னால் கூட்டை எரித்துவிடுங்கள்."

குளவி பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெளியூர்க்காரர் யாரும் உங்களுக்குள் இருந்தால் சொல்கிறேன். கூடு கலைந்தால் தேயிலைக்குள் நிற்கிற பெண்கள் ஓட இடமில்லை. முதுகில் கூடை, இடுப்பில் படங்குச் சாக்கு, காலுக்குக் கீழே சரிவு.

தர்ஷினி தாளை என்னிடம் நீட்டிவிட்டு மேசையருகே நின்றாள்.

"சார், இத நெசமாவே துரைக்குக் குடுக்கலாங்களா?"

"குடுக்கலாமே. ஏன் தமிழ்ல எழுதிக் குடுக்கல?"

"தமிழ்ல குடுத்தா கிளாக்கரையா மேசையிலயே கெடக்குமாங்க. இங்கிலீசுல குடுத்தாத்தான் துரை கைக்குப் போகும்னு அப்பா சொன்னாரு."

அது உண்மைதான். எங்கள் தோட்டங்களில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை.

"சரி, மொதல்ல ஒழுங்கா எழுது. இப்படியே குடுத்தா துரை சிரிப்பாரு" என்றேன்.

பதினேழு இடத்தில் சிவப்புக் கோடு போட்டேன். அவள் அதைப் பையில் வைத்துக்கொண்டு போய், மறுநாள் வந்து திருத்தி எழுதி, பழையதைக் கிழித்துக் கூடையில் போட்டாள். என்னுடைய வகுப்பில் அதுதான் சட்டம்.

அடுத்த புதன்கிழமை இணங்க வைக்கும் உத்திகள். உண்மையைச் சொன்னால் மட்டும் போதாது, வாசிப்பவரின் மனம் அசைய வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். கேள்வி கேட்டு மடக்குவது, ஒன்றையே மூன்று விதமாகச் சொல்லி அழுத்துவது, உணர்ச்சியைத் தொடுவது எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். பிறகு தர்ஷினியின் கடிதத்தை எடுத்து, மலையின் நம்பரை வெட்டினேன். மரம் நிற்கிற இடத்தை வெட்டினேன். ஓரத்தில் 'தேவையற்ற விவரம்' என்று எழுதினேன். கங்காணி பற்றிய வரிக்கு வந்தபோது அவள் மெதுவாகக் கேட்டாள்.

"கங்காணி மாமா சொன்னதையும் எடுத்துறணுங்களா சார்?"

"அது குத்தம் சொல்ற மாதிரி இருக்கு. வேண்டுகோள்ல யாரையும் குத்தம் சொல்லக் கூடாது. சொன்னா அந்த ஆளு நமக்கு எதிரியாயிடுவாரு. மனசத் தொடணும், அவ்வளவுதான்."

சொன்ன பாடம் சரியான பாடம்தான். எந்தப் பரீட்சகரும் ஒத்துக்கொள்வார். அவள் தலையாட்டிவிட்டுப் போய்த் திருத்தி எழுதினாள். அந்த வாரத் தாளும் கூடைக்குப் போனது.

மூன்றாவது புதன்கிழமை அணிகள். அந்தப் பிள்ளைக்கு உள்ளே அப்படியொரு திறமை இருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்கள் தாய்மாரின் தலைக்கு மேலே ஒரு கறுப்பு மேகம் ரீங்கரிக்கிறது என்று எழுதினாள். அந்த மரம் பழத்துக்குப் பதிலாகப் பயத்தைக் காய்த்துத் தொங்குகிறது என்று எழுதினாள். நான் இன்னும் இரண்டு உவமை சேர்த்துக் கொடுத்தேன். படிக்கப் படிக்க எனக்குப் புல்லரித்தது. இருபதுக்குப் பத்தொன்பது போட்டேன். இருபது நான் யாருக்கும் போட்டதில்லை.

வெள்ளிக்கிழமை அதை நல்ல தாளில் எழுத வைத்து, வகுப்புச் சுவரில் ஒட்டினேன். செவ்வாய்க்கிழமை ஆசிரியர் ஆலோசகர் பார்வையிட வருவதாக இருந்தது. தோட்டத்துப் பிள்ளை இப்படி எழுதுகிறாள் என்று அவருக்குக் காட்ட ஆசை. யாருக்கு வந்த ஆசை என்று கேளுங்கள். எனக்குத்தான். அவர் பார்த்துவிட்டுப் போனதும் நானே ஒரு துண்டு எழுதி வைத்துத் துரைக்கு அனுப்புகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

இப்போது நான் சொல்லப்போகிற இடத்தைக் கவனமாக வாசியுங்கள். எங்கள் தொழிலில் நெருக்கடி சத்தம் போட்டுக்கொண்டு வராது. ஒரு பிள்ளை வாசலில் நின்று 'சார்' என்று கூப்பிடும். நம் கையில் வரவுப் பதிவேடு இருக்கும். தலையை நிமிர்த்தாமல் பதில் சொல்வோம்.

திங்கட்கிழமை காலை தர்ஷினி அப்படி வந்து நின்றாள்.

"சார், ஏழாம் நம்பருக்கு நாளன்னைக்கே கொழுந்து எடுக்கப் போறாங்களாம். மழை பேஞ்சதுல கொழுந்து சீக்கிரமா வந்துருச்சாம். காலைல பெரட்டுல பேர் போடுறப்ப சொன்னாங்களாம், அம்மா சொன்னாங்க."

அதற்குப் பத்து நிமிடத்துக்கு முன்னால்தான், ஆலோசகரின் வருகை வியாழக்கிழமைக்குத் தள்ளிப்போய்விட்டது என்று பாடசாலை அதிபர் சொல்லியிருந்தார்.

"ஆலோசகர் வியாழக்கிழமதான் வர்றாரும்மா. வெள்ளிக்கிழம கழட்டித் தந்துர்றேன்" என்றேன்.

அவள் வாசலை விட்டு இறங்கிப் போய்விட்டாள்.

பாடசாலையிலிருந்து தோட்டத்து ஆபீசுக்கு நடந்தால் பதினைந்து நிமிடம். துரையை எனக்குத் தெரியும். பரிசளிப்பு விழாவுக்கு இரண்டு தடவை வந்திருக்கிறார். அவருடைய தொலைபேசி இலக்கம் என் போனில் இருந்தது. 'ஏழாம் நம்பரில் குளவிக்கூடு' என்று மூன்று சொல் அனுப்பியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. என் மனதில் அது கடிதமாக இருக்கவில்லை, மீட்டல் பாடமாக இருந்தது. என்னை நானே பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன், இதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

புதன்கிழமை பத்து மணிக்குப் பக்கத்தில் கீழேயிருந்து கூச்சல் கேட்டது. கூடு எப்படிக் கலைந்தது என்று யாருக்கும் தெரியாது. பருந்து அடித்தது என்றும் சொன்னார்கள், காற்று என்றும் சொன்னார்கள். மற்றப் பெண்கள் கூடையைக் கழற்றி வீசிவிட்டுச் சரிவில் உருண்டு இறங்கிவிட்டார்கள். பாக்கியத்தின் கூடைக்கயிறு மழைக்குப் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் சீட்டோடு சிக்கிக்கொண்டது. கொழுந்து ஏற்றுகிற லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தர்ஷினியை வகுப்பிலிருந்து கூப்பிட்டுப்போக ஆள் வந்தபோது நான் அணிகளைத்தான் மீட்டிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து, கடிதம் இருந்த சுவரைத் தாண்டி வெளியே போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே நாலு பேர் பந்தத்தோடு போய் மூன்று கூட்டையும் எரித்தார்கள். அரைமணி நேர வேலை.

வியாழக்கிழமை ஆலோசகர் வந்தார். சுவரில் இருந்த கடிதத்தை நின்று வாசித்தார். "பிரமாதம். இத எழுதின பிள்ள யாரு?" என்று கேட்டார்.

"இன்னைக்கு வரல சார்" என்றேன்.

அவர் போனில் அந்தக் கடிதத்தைப் படம் எடுத்துக்கொண்டார். மற்றப் பாடசாலைகளில் காட்டுவதற்காம். பாக்கியம் மறுநாள் விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

இரண்டு வாரம் கழித்துத் தோட்டத்து ஆபீசில் விசாரணை வைத்தார்கள். கூட்டைப் பற்றி யாராவது முன்கூட்டியே அறிவித்தார்களா என்பதுதான் கேள்வி. அறிவித்திருந்தால் தோட்டத்தின் கவனக்குறைவு. அறிவிக்காவிட்டால் விபத்து, யார் பேரிலும் பிழையில்லை. கண்டாக்கு, தன்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றார். கங்காணியைக் கூப்பிட்டார்கள். அவர் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். அவருடைய இரண்டு மருமக்களுக்கும் அன்றாட வேலைக்குக் கண்டாக்குதான் பேர் போடுகிறவர்.

"ஞாபகம் இல்லைங்கய்யா" என்றார்.

தர்ஷினியின் அப்பா எழுந்து, மடித்து வைத்திருந்த தாளை எடுத்துக் கொடுத்தார். அடக்கம் முடிந்த பிறகு தர்ஷினி பாடசாலைக்கு வந்து சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போன கடிதம் அது. "எம்மக எழுதினதுங்கய்யா. இதுல எல்லாம் இருக்கு" என்றார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. நாலு வரி ஆங்கிலத்தில் தன் மகள் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறாள் என்று நம்பிக்கொண்டு வந்திருந்தார்.

விசாரணை அதிகாரி சிங்களவர், நிதானமானவர். அவர் ஒரு தடவை வாசித்தார். பிறகு சாட்சிக்காக வந்திருந்த என்னைப் பார்த்து, எல்லோருக்கும் விளங்கும்படி தமிழில் சொல்லச் சொன்னார்.

நான் எழுந்து நின்று வாசித்தேன். எங்கள் தாய்மாரின் தலைக்கு மேலே ஒரு கறுப்பு மேகம் ரீங்கரிக்கிறது. மரம் பயத்தைக் காய்த்துத் தொங்குகிறது. ஒரு தாயின் புன்னகைக்கு விலை உண்டா? ஜன்னலுக்கு வெளியே, பாக்கியத்தோடு கொழுந்து எடுத்த பெண்கள் நின்றார்கள். சிலர் முகத்தில் வீக்கம் இன்னும் வற்றவில்லை. வாசித்து முடித்ததும் அவர்களில் ஒருத்தி கேட்டாள்.

"இதுல எந்த மலைன்னு போடலியா சார்?"

"இல்ல" என்றேன்.

"கங்காணி போய்ச் சொன்னது?"

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். முதல் தாளில் எல்லாம் இருந்தது, மலையின் நம்பர், மரம், கங்காணி, செவ்வாய்க்கிழமை, எல்லாம் இருந்தது, நான் என் கண்ணால் வாசித்தேன் என்று அதிகாரியிடம் சொன்னேன். அந்தத் தாள் எங்கே என்று கேட்டார். கிழித்துவிட்டோம் என்றேன். இரண்டாவது தாள்? அதையும் கிழித்துவிட்டோம். முக்கியமான விவரத்தையெல்லாம் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை, விளங்காமல்தான் கேட்டார்.

"பாடத்துக்காக" என்றேன்.

அவர் எழுதத் தொடங்கினார். முன்னறிவித்தல் எதுவும் உறுதிப்படுத்தப்படவில்லை என்று அறிக்கையில் போட்டார்கள். தர்ஷினியின் அப்பா கடிதத்தைத் திரும்ப வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் எனக்குக் கும்பிடு போட்டார். மகளுக்காக வந்து பேசினேனாம். அந்தக் கும்பிட்டுக்குப் பதில் அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

உங்களுக்கு அறிவுரை வேண்டுமென்றால் இவ்வளவுதான். பிள்ளை எழுதியதைக் கையில் எடுத்தால் பேனையை மூடி வைத்துவிட்டு ஒரு தடவை வாசியுங்கள். 'இது நடந்ததா?' என்று பிள்ளையிடம் கேளுங்கள். நடந்தது என்று சொன்னால், அந்தத் தாளுக்கு வேறு வேலை இருக்கிறது. அதை முதலில் போக வேண்டிய இடத்துக்கு அனுப்பிவிட்டு, பிறகு உட்கார்ந்து ஒருமையையும் பன்மையையும் சரி பாருங்கள். இதையெல்லாம் கேட்டுவிட்டு, எங்களுக்குத் தெரியாதா சார் என்று சிரிப்பீர்கள். எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தர்ஷினி பரீட்சை எழுதினாள். ஆங்கிலத்தில் அவளுக்குத்தான் எங்கள் பாடசாலையிலேயே நல்ல பெறுபேறு. ஆனால் மேலே படிக்கவில்லை. தம்பி இரண்டு பேர் சின்னப் பிள்ளைகள். கொழும்பில் ஒரு தைப்புத் தொழிற்சாலைக்குப் போகப் போவதாகச் சொல்லி, பாடசாலைச் சான்றிதழ் வாங்க வந்தாள். அதிபர் வரும்வரை ஆசிரியர் அறையில் இருந்தாள். வேறு யாரும் இல்லை. நாலு மாதமாக மனதில் கட்டி வைத்திருந்ததை அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பெறுபேற்றைப் பற்றிக் கேட்டேன். அவளும் பதில் சொன்னாள். பிறகு அவளாகவே பேசினாள்.

"மொத தடவ எழுதினதையே ஆபீசுல கொண்டு போய்க் குடுத்துருக்கலாம் சார். நீங்க செவப்புக் கோடு போட்டுக் குடுத்த அன்னைக்கு அது பையிலதான் இருந்துச்சு. ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன்."

"பிறகு ஏம்மா குடுக்கல?"

"அவ்வளவு பிழையா இருக்கேன்னு வெக்கமா இருந்துச்சுங்க சார். மறுநாள் உங்ககிட்டயே கொண்டாந்துட்டேன்."

அதிபர் வந்தார், சான்றிதழில் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். அவள் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "போயிட்டு வர்றேன் சார்" என்றாள். பிழை உன்னுடையது இல்லை, என்னுடையது என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஆங்கிலத்திலும் தமிழிலும் சொல்லத் தெரிந்தவன்தானே நான்.

"பாத்துப் போம்மா" என்று மட்டும்தான் சொன்னேன்.